கிளட்ச் இல்லாத வண்டியில் எங்கள் அக்கா

உறவினர்களுக்கும், அக்காவின் தோழிகளுக்கும், காசிமேட்டிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

முதலாண்டு நினைவு மலரில் அக்காவைப் பற்றி நான் எழுத வேண்டும் என்று முடிவானபோது, "உடற்குறையைப் பொறுமையோடு தாங்கி வாழ்ந்தவர் என்று ஆரம்பிம்மா, நன்றாக இருக்கும்" என்றார் எங்கள் சித்தப்பா. மன்னிக்க வேண்டும் சித்தப்பா, அப்படி ஆரம்பிக்க மாட்டேன். அக்காவிடம் எத்தனையோ நல்ல குணங்கள் இருந்தன. பொறுமை அவற்றில் ஒன்று கிடையாது. எதையும் தாங்கிக்கொள்ளவும் அவருக்கு வராது. அவர் போய் ஓராண்டு ஆகிவிட்டது என்பதற்காக அவரை வேறு யாரோ ஒரு சாதுவாக மாற்றி எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. அவர் இருந்தது எப்படியோ அப்படியே எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் அடுத்த பக்கத்தில் இருக்கும் குடும்பப் படத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

அக்கா காசிமேட்டுக் குப்பத்தில் பிறந்தவர். நைனா விசைப்படகில் கூலிக்குப் போனார். அம்மா கூடையில் மீன் விற்றார். அக்காவுக்கு அடுத்துப் பிறந்தவள் நான். நடை பழகிய வயதில் வந்த ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அக்காவின் இடது கால் சூம்பிப்போனது. வேப்பிலை அடித்தார்கள், எண்ணெய் போட்டு நீவினார்கள், பெரிய ஆஸ்பத்திரிக்கும் தூக்கிக்கொண்டு போனார்கள். கால் திரும்பவில்லை. அதன்பின் அக்கா போன இடமெல்லாம் யாராவது தூக்கிக்கொண்டு போன இடம்தான். சின்ன வயதில் அம்மாவின் இடுப்பு, பிறகு நைனாவின் தோள், பிறகு மாமன் மகன்களின் சைக்கிள். காலில் இரும்புப் பட்டை போட்டு, கக்கத்தில் கட்டை வைத்துத் தெருமுனை வரை நடப்பார். அதற்கு மேல் போக வேண்டுமென்றால் ஆள் வேண்டும்.

"கால் இல்லாதது கஷ்டம் இல்லடி. தூக்கினு போறவன் எப்ப எறக்கி வுடுவான்னு அவன் மூஞ்சியப் பாத்துகினு கீறதுதான் கஷ்டம்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். அக்காவின் வாழ்க்கையில் மற்றதெல்லாம் இந்த ஒரு பேச்சிலிருந்து வந்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நைனா காலமான பிறகு நாங்கள் பழைய வண்ணாரப்பேட்டைக்குக் குடிவந்தோம். அம்மாவால் கூடை தூக்க முடியவில்லை. அக்கா காசிமேட்டில் மீன் ஏலம் விடத் தொடங்கினார். படகு கரைக்கு வந்ததும் மீனைக் குவித்து விலை கூறி விற்றுக் கொடுப்பது ஏலக்காரரின் வேலை. அதற்குக் கால் வேண்டாம், குரல் வேண்டும், கண் வேண்டும், யாருக்கும் அஞ்சாத வாய் வேண்டும். இந்த மூன்றும் அக்காவிடம் மற்றவர்களுக்குக் கடன் கொடுக்கும் அளவுக்கு இருந்தன. படகுக்காரர்கள் அவரைத் தேடி வந்தார்கள். ஆனால் விடியும் முன்னே துறைமுகத்தில் இருக்க வேண்டுமே. ஆட்டோ வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஆள் இல்லாத அன்று அவருடைய படகு வேறொருவர் கைக்குப் போய்விடும். வெறும் காத்திருப்பினாலேயே அக்கா எத்தனையோ படகுகளை இழந்தார்.

தொண்ணூறுகளின் கடைசியில் அந்த வண்டி வந்தது. எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் இறால் வாங்கக் காசிமேட்டுக்கு வருவார். அவருடையது நீளமான பின்பக்கம் கொண்ட பழைய வெளிநாட்டுக் கார். எல்லோரும் வண்டியைப் பார்த்தார்கள். அக்கா அவருடைய கால்களைப் பார்த்தார். வலது கால்தான் எல்லா வேலையும் செய்தது. இடது கால் சும்மா கிடந்தது. கிளட்ச் இல்லாத, கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் வண்டி அது. அன்று முழுக்க அக்கா யாரோடும் பேசவில்லை. எங்கள் வீட்டில் அது பெரிய விஷயம்.

அந்த மனிதர் ஊருக்குத் திரும்பியதும் வண்டி தொழிற்சாலை வளாகத்தில் உப்புக் காற்றில் நின்று, பழைய இரும்போடு சேர்த்து ஏலத்துக்கு வந்தது. அக்கா வாழ்நாளில் முதல்முறையாக ஏலத்தில் எதிர்ப்பக்கம் நின்று கேட்டார். போட்டிக்கு ஆள் இல்லை. கிளட்ச் இல்லாத வண்டி கெட்டுப்போனால் சென்னையில் யார் பார்ப்பார்கள் என்று எல்லோரும் ஒதுங்கிவிட்டார்கள். அக்கா ஓட்டக் கற்றார், ஓட்டிக் காட்டி லைசென்ஸும் வாங்கினார். அதன்பின் அவர் நினைத்த நேரத்துக்குப் போனார், நினைத்த நேரத்துக்குத் திரும்பினார். பின்பக்கம் ஐஸ் பெட்டியும் இறால் கூடையும் இருக்கும். வண்டி நாறும். "காசு குடுத்து வாங்குன அத்தர் இது" என்பார்.

ஓரிரு ஆண்டுகள் நன்றாக ஓடியது. எங்கள் தெருவில் இருந்த ஒரு சர்வீஸ் கடைக்காரர் அவ்வப்போது ஆயில் பார்த்துக் கொடுப்பார். பிறகு ஒரு கோடையில் கோளாறு தொடங்கியது. காலையில் கிளம்பும்போது ஒழுங்காக இருக்கும். வண்டி சூடானதும், முன்னால் போகும் கியரில் இன்ஜின் மட்டும் உறுமும், சக்கரம் சோம்பல் படும். கொஞ்சம் கொஞ்சமாக அது அதிகமாகி, ஒருநாள் எங்கள் வாசலிலேயே அடியோடு நின்றுவிட்டது. முன்னால் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. பார்த்த மெக்கானிக்குகள் எல்லாம் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒரு லாரி மெக்கானிக், லாரி கியர் பாக்ஸுக்கு ஊற்றும் கெட்டி ஆயிலை இதிலும் ஊற்றினால் சரியாகும் என்று டப்பாவோடு வந்தார். அக்கா அந்த ஆயிலைத் தொட்டு முகர்ந்து, "இது வேற ஜாதி மீனு. என் வண்டி கிட்ட கொண்டாராத" என்று அனுப்பிவிட்டார்.

சித்தப்பா வந்தார். புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடைகளில் கிளட்ச் வைத்த கியர் பாக்ஸ் ஒன்று கிடைக்கிறது, அதை மாற்றிவிட்டு ஒரு டிரைவரைப் போட்டுக்கொள்ளலாம் என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வண்டி பிழைக்க அதுதான் வழி என்று எல்லோருமே சொன்னோம். நானும் சொன்னேன்.

"டிரைவர் ஓட்டுற வண்டில நான் இன்னாத்துக்கு? மீன் கூடையா நானு?" என்றார் அக்கா.

"பிடிவாதம் புடிக்காதம்மா. பாக்ஸ் செத்துப்போச்சு."

"ரிவர்ஸ்ல போவுதுல்ல சித்தப்பா? செத்த பொணம் பின்னாடி நடக்குமா?"

அக்கா ஒற்றைக் காலில் நின்றார். இப்படி எழுதியதைப் படித்திருந்தால் அவரே விழுந்து விழுந்து சிரித்திருப்பார். ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ரிவர்ஸ் இழுக்கிறது என்றால் கியர் பெட்டிக்குள் ஏதோ உயிரோடு இருக்கிறது. முழுப் பெட்டியும் போயிருந்தால் இரண்டு பக்கமும் போகக் கூடாது அல்லவா.

அடுத்த நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் திரும்பும் நாள். ஆண்டிலேயே பெரிய ஏலம். அக்காவை நம்பி வந்துகொண்டிருந்த படகுகள் இருந்தன. விடியற்காலையில் ஆட்டோவுக்குச் சொல்லி வைத்திருந்தோம், வரவில்லை. சித்தப்பா மகன் பைக்கில் ஏற்றிப் போகிறேன் என்றான். அக்கா அவனைப் பார்த்தார், வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார். "ஏறுடி" என்றார் என்னிடம்.

"எங்கக்கா? அதுதான் போவாதே."

"பின்னாடி போவுதுல்ல."

காசிமேட்டுக்காரர்களுக்கு இந்தக் கதை தெரியும். தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து கல்மண்டபம் வழியாகக் கடற்கரைச் சாலை பிடித்து மீன்பிடித் துறைமுகம் வரை, அக்கா அந்த வண்டியை முழுக்க முழுக்க ரிவர்ஸில் ஓட்டிக்கொண்டு போனார். கழுத்தை முழுதாகத் திருப்பி, ஒரு கையை என் இருக்கையின் மேல் போட்டு, பின்கண்ணாடி வழியே சாலையைப் பார்த்து ஓட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, எங்களைத் துரத்தி வருவதுபோல வந்த ஆட்டோக்காரர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த தெய்வங்கள் எல்லாவற்றையும் கூப்பிட்டேன். பெட்டி சூடாகக் கூடாது என்று அக்கா நடுநடுவே ஓரம் கட்டி நிறுத்தி ஆறவிட்டார். கல்மண்டபத்தில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டினார்.

"இன்னாம்மா இது? வண்டி முன்னாடி போவாதா?"

"போவாது சார். ஆனா நான் போவணும்."

அவர் வண்டியைப் பார்த்தார், அக்காவின் கக்கத்துக் கட்டையைப் பார்த்தார், என்ன நினைத்தாரோ, "ஓரமா போம்மா" என்று மட்டும் சொல்லி எதிரே வந்த வேனை நிறுத்திவைத்தார். பெயர் தெரியாத அவருக்கும் இந்தக் குடும்பத்தின் நன்றி உண்டு. அன்று அக்கா ஏலம் விட்ட குரல் திருவொற்றியூர் வரை கேட்டிருக்கும். அதன்பின் ஒரு வாரம் கழுத்தைத் திருப்ப முடியாமல் தைலம் தேய்த்துக்கொண்டு என்னை வைதுகொண்டிருந்தார்.

ராயபுரத்தில் பட்டறை வைத்திருந்த காதர் பாயிடம் வண்டி போனது. அவரை அக்கா தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், "இந்த மாதிரி பாக்ஸ நான் தொறந்ததே இல்ல தங்கச்சி" என்று நேராகச் சொன்ன ஒரே மெக்கானிக் அவர்தான். மற்றவர்கள் எல்லாம் தெரிந்ததுபோல் காது குத்தினார்கள்.

"நானும் உள்ள பாத்தது இல்ல பாய். வா, ரெண்டு பேரும் சேந்து பாக்கலாம்" என்றார் அக்கா.

பட்டறையில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஏலம் முடிந்ததும் நேராக அங்கேதான். பாய் முதலில் ஆயில் பார்க்கும் கம்பியை உருவி நீட்டினார். செவுளைத் திருப்பி மீனை எடைபோடுகிற அக்கா அதை மூக்கருகே கொண்டுபோனார். "கருகிப்போன வாசன. நல்ல ஆயில் இப்டி நாறாது" என்றார். அடித்தட்டைக் கழற்றியபோது கறுப்புச் சேறு படிந்திருந்தது. வடிகட்டி பாதி அடைத்திருந்தது. பெட்டியை இறக்கிப் பிரித்தபோது காரணம் தெரிந்தது. இந்த வகை வண்டியில் காலால் மிதிக்கும் கிளட்ச் இல்லையே தவிர, பெட்டிக்குள்ளே சின்னச் சின்ன கிளட்ச் தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஆயிலின் அழுத்தம்தான் அவற்றைச் சேர்த்துப் பிடிக்கிறது. முன்னால் போவதற்கான தட்டுகள் தீய்ந்து, ரப்பர் வளையங்கள் மரத்துப்போயிருந்தன. ரிவர்ஸுக்கான தட்டுகள் பெரிய சேதமில்லாமல் இருந்தன.

"சொன்னேன்ல, சாவலன்னு" என்றார் அக்கா.

தட்டும் வளையமும் புதுப்பேட்டை முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவின் மகன் சேகர் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். பெட்டியின் மேல் பொறித்திருந்த எண்ணை அவரிடம் சொன்னோம். அவர் சிங்கப்பூரில் அலைந்து வாங்கி, அடுத்த முறை கப்பல் இங்கே வந்தபோது தன் துணிமூட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். அதுவரை அக்கா ஆட்டோவில் போனார், சித்தப்பா மகனின் பைக்கில் போனார், சில நாள் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஐஸ் பெட்டியோடு உட்கார்ந்தும் போனார். மீண்டும் ஆள் வருவதற்காக வாசலில் காத்திருந்த அந்த மாதங்களில் அவர் என்னோடுகூடச் சரியாகப் பேசவில்லை. சாப்பாட்டில் உப்பு இல்லை என்றார், இருந்தால் ஏன் இருக்கிறது என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது.

பாய் எல்லாவற்றையும் பொருத்தினார். புது ஆயில் ஊற்றினார். இன்ஜினை ஓட்டிப் பார்த்து, நிறுத்தி, கம்பியை உருவிப் பார்த்தார். ஆயில் கோட்டுக்கு மேலே ஏறி இருந்தது. ஜாஸ்தியாகிவிட்டது என்று கொஞ்சம் எடுத்தார். அக்கா உட்கார்ந்து கியரைத் தள்ளினார். வண்டி இழுப்பதுபோல் பாவனை காட்டிவிட்டு, உறுமிக்கொண்டு அப்படியே நின்றது. பாய் மறுபடி கம்பியைப் பார்த்தார், மறுபடி கோட்டுக்கு மேலே. இன்னும் கொஞ்சம் எடுத்தார். இன்னும் மோசமானது. இப்போது ரிவர்ஸும் தடுமாறியது.

அந்த நேரம் பார்த்து, புதுப்பேட்டையில் பார்த்து வைத்திருந்த அந்தக் கிளட்ச் கியர் பாக்ஸை ஒரு மீன்பாடி வண்டியில் ஏற்றி, சித்தப்பா பட்டறை வாசலில் வந்து இறங்கினார். "போதும்மா. நீயும் எவ்ளோ நாள்தான் பேஜாரு படுவ? இத்த மாட்டிக்கலாம்" என்றார். அவர் குரலில் இருந்தது அன்புதான். அதனால்தான் எதிர்ப்பது கஷ்டமாக இருந்தது. பாய் தலைகுனிந்து கையைத் துடைத்துக்கொண்டார். அக்காவின் கண் கலங்கி நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "பாய், ஆயில எப்ப பாக்குற?"

"இன்ஜின் ஆஃப் பண்ணிட்டுத்தான். எல்லா வண்டிக்கும் அப்டித்தானே பாக்குறது."

"நிக்கும்போது பாத்து இன்னா பிரயோஜனம்? ஓடும்போதுதான மக்கர் பண்ணுது. நானு குந்திகினு கீறப்ப பாத்தா என் காலும் நல்லாத்தான் கீது."

அக்கா இன்ஜினை ஓடவிட்டார். ஓடிக்கொண்டிருக்கும்போதே பாய் கம்பியை உருவினார். நுனிவரை காய்ந்திருந்தது, ஒரு சொட்டு ஆயில் இல்லை. நிறுத்தியிருக்கும்போது மேலே இருக்கும் ஆயிலெல்லாம் அடித்தட்டுக்கு இறங்கி நிரம்பியதுபோல் காட்டுகிறது. ஓடும்போது அது மேலே ஏறிவிட, அடியில் எதுவும் மிஞ்சுவதில்லை. எங்கள் தெரு சர்வீஸ் கடைக்காரரும் லாரி, வேன் பார்த்த பழக்கத்தில், இன்ஜினை நிறுத்திப் பார்த்து, ஜாஸ்தி ஜாஸ்தி என்று ஒவ்வொரு முறையும் எடுத்திருக்கிறார். தட்டுகள் தீய்ந்ததும் அதனால்தான். எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் அப்படித்தான் பார்த்திருப்பார்கள். அவரைக் குறை சொல்லி என்ன?

"இத்தினி நாளா நாமளே அத்த பட்டினி போட்டு, நடக்கல நடக்கலன்னு திட்டிகினு இருந்தோம் பாரு" என்றார் அக்கா.

பாய் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். இன்ஜின் ஓட ஓட, புனல் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். அக்கா பிரேக்கை மிதித்துக்கொண்டு கியரை எல்லா இடத்துக்கும் நகர்த்தி, பிறகு முன்னால் தள்ளிக் காலை எடுத்தார். வண்டி முன்னால் போனது. பட்டறையை விட்டு வெளியே போய், தெருவில் திரும்பி, எங்கள் கண்ணுக்கு மறைந்து போய்விட்டது. நாங்கள் வாசலில் நின்றோம். "எங்க போச்சு இந்தப் பொண்ணு?" என்றார் சித்தப்பா. எங்கே போனார் என்று அக்கா கடைசிவரை யாருக்கும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

அதன்பின் கியர் பெட்டி திறக்கப்படாமலே அந்த வண்டி ஓடியது. தெருவில் பிரசவ வலி எடுத்த பெண்களை அக்காதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். சுனாமி அன்று குப்பத்துப் பிள்ளைகளைத் திணித்து ஏற்றிக்கொண்டு கரைக்கும் வீட்டுக்குமாக ஓட்டிக்கொண்டே இருந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு அவர் கொடுத்த பதில்களை இந்த மலரில் அச்சிட முடியாது.

கடைசி ஆண்டுகளில் சிறுநீரகம் கெட்டது. ரத்தச் சுத்திகரிப்புக்குத் தானே ஓட்டிக்கொண்டு போனார். கை நடுங்கத் தொடங்கியபோது, திருவொற்றியூரில் பள்ளிக்கூட வேலை முடித்து வந்த என்னைப் பிடித்து உட்கார வைத்து ஓட்டக் கற்றுக் கொடுத்தார். டீச்சர் வேலை பார்க்கிற எனக்கு, அவ்வளவு திட்டு வாங்கும் மாணவியின் நிலைமை அப்போதுதான் புரிந்தது. "எடது கால மடிச்சு வெச்சுக்க. அது இல்லவே இல்லன்னு நெனச்சுக்க. ஒனக்கு அதுதான் கஷ்டம், எனக்கு ஈஸி" என்பார். ஒருநாள் திரும்பும் வழியில், "என்ன எவன் தோளிலயும் ஏத்தாத. இந்த வண்டில இட்டுகினு போ. நீ ஓட்டு" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

இனி நன்றி சொல்ல வேண்டும். காதர் பாய்க்கும், சேகருக்கும், அக்காவின் உடம்பு முடியாத நாட்களில் அவருடைய படகுகளை விட்டுக்கொடுக்காமல் ஏலம் விட்டு வருமானத்தை வீட்டுக்கே கொண்டுவந்து தந்த காசிமேட்டுத் தோழிகளுக்கும், ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் மாறி மாறி உட்கார்ந்தவர்களுக்கும் எங்கள் நன்றி.

கடைசி நன்றி சித்தப்பாவுக்கு. அக்காவை இறுதியாக எடுத்துப்போக வேண்டிய அன்று, அவர் சொன்னபடி வண்டியின் பின்பக்கத்தைச் சுத்தம் செய்து, பூப் போட்டு, அவரைப் படுக்க வைத்தோம். பெண்கள் மயானத்துக்கு வரும் வழக்கம் இல்லை, ஆண்கள் யாராவது ஓட்டட்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். சித்தப்பா உட்கார்ந்தார். நாற்பது வருடம் லாரியும் வேனும் ஓட்டியவர். வண்டி நகர்ந்ததுமே அவருடைய இடது கால் பழக்கத்தில் கிளட்சைத் தேடி பிரேக்கை ஓங்கி மிதித்தது. வண்டி குலுங்கி நின்றது. மறுபடி முயன்றார், மறுபடி அதே. ஸ்டியரிங்கின் மேல் தலையை வைத்து அழுதார். பிறகு இறங்கி வந்து என் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு, பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

மூலக்கொத்தளம் மயானம் வரை மெதுவாக ஓட்டினேன். மேளத்துக்கு முன்னால் நடந்துபோன உறவுக்காரப் பெரியவர் ஒருவர் வாசலில் திரும்பி நின்று, வண்டிக்குக் குறுக்கே கையை நீட்டினார். "பொம்பள உள்ள வரக்கூடாது. எறங்கச் சொல்லு" என்றார்.

சித்தப்பா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"பொம்பள இல்லய்யா அது, டிரைவரு. முன்னாடி குந்தவேண்டியது பின்னாடி படுத்துகினு கீது, அதான் இது ஓட்டுது. வழி வுடு."

வழி விட்டார்கள். குழிக்கு அருகே வரை அக்கா தன் வண்டியிலேயே போனார்.